வெளுத்த கல்

அந்தச் சலவைக்கூடத்துக்குள் எது எந்த நிறத்தில் போனாலும் வெளியே வரும்போது வெள்ளையாகத்தான் வர வேண்டும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது கூடம். காலையில் தள்ளுவண்டிகளில் மூட்டை மூட்டையாக வந்து விழும் படுக்கை விரிப்புகளில் ரத்தம் இருக்கும், சீழ் இருக்கும், சிந்திய சூப்பும் மருந்தும் இருக்கும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் பிளீச்சிங் தொட்டியில் ஊறி, ஆள் உயர மிஷின்களில் சுழன்று, நீராவி உருளைக்குள் நுழைந்து, சூடு ஆறாமல் மடிப்பு மேசைக்கு வந்துவிடும். மிஷினுக்கு மசியாத கறைகள் கடைசி மேசைக்குப் போகும். அது அவளுடைய மேசை. எந்தக் கறைக்கு எவ்வளவு தூள், எவ்வளவு நேரம், வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று அவள் யோசிப்பதில்லை, கை யோசித்துக்கொள்ளும். புது ஆட்கள் வந்தால் மேஸ்திரி அவளைக் காட்டி, "அந்தம்மா கைக்குப் போனா நிலாவுல இருக்கிற கறைகூட நிக்காது" என்பார். அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு உள்ளே இனித்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் அவளை யாரும் இப்படிச் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்கு வாயும் இல்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் மேலேயிருந்து குனிந்து, "ஒண்ணுமில்லீங்க, மூச்சை நல்லா விடுங்க, இதோ வந்துட்டேன்" என்று பேசிப் பேசியே பாதி பயத்தை இறக்கிவிடுவார். அந்த மனுஷன் ஒரு நாள் வேலைக்குப் போன கட்டடத்தின் மாடிப்படியிலேயே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போயிற்று. "நாம பேசறது அவருக்குப் புரியுமா டாக்டர்?" என்று அவள் கேட்டதற்கு, "புரியும், எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த 'எவ்வளவு' தெரியாமலே அவள் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். காலையில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டும்போது பேசுவாள், துடைக்கும்போது பேசுவாள், படுக்கை மாற்றும்போது பேசுவாள். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு நிமிஷம் நிறுத்துவாள். ஒன்றும் வராது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. கீழ்வீட்டு டீச்சரிடம் ஒரு சாவி இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் எட்டிப் பார்த்து, "சார் நல்லா இருக்கார்" என்று போனில் சொல்லிவிடுவாள். அவ்வளவுதான் மனுஷ நடமாட்டம்.

வீட்டுக் கூடத்தில் அவருடைய கட்டிலுக்கு வலது பக்கம் சுவர். இடது பக்கம் மீன்தொட்டி. படுத்தபடியே பார்க்க வேண்டும் என்று தொட்டியை அவள்தான் ஆள் வைத்துத் தாழ்ந்த மேசைக்கு மாற்றியிருந்தாள். இத்தனைக்கும் அவளுக்கும் அந்தத் தொட்டிக்கும் ஒத்துப்போனதே இல்லை. வேலை விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் அதன் முன்னால்தான் அவர் உட்காருவார். மனைவிக்கு 'உம்', மீனுக்கு முழுக்கதை. உள்ளே ஒரு ஜோடி ஏஞ்சல் மீன், தட்டையாக, நீண்ட துடுப்புகளோடு, யாரோ வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி. ஒரு கூட்டம் சிவப்புவால் டெட்ரா. தரையில் பழுப்புக் கூழாங்கல்.

அந்தக் கல்லுக்கு அடியில்தான் சங்கதி. அண்டர்கிராவல் ஃபில்டர் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வீட்டில் அதற்குப் பெயர் பலகை. கோடு கோடாகக் கீறல் விட்ட கறுப்புப் பிளாஸ்டிக் பலகை, தொட்டியின் தரை முழுக்க விரித்து, மேலே நாலு விரல் உயரத்துக்குக் கல். பலகையின் பின் மூலைகளிலிருந்து இரண்டு குழாய்கள் எழும்பி நிற்கும். ஏர் பம்ப் அந்தக் குழாய்களுக்குள் காற்றை ஊதும். குமிழிகள் மேலே ஓடும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். போன தண்ணீருக்கு ஈடாக மேலேயிருந்து தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். மீனின் கழிவையும் தின்னாமல் விட்ட தீனியையும் கல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு ரப்பர் குழாயைக் கல்லுக்குள் குத்திக் குத்தி அழுக்கை உறிஞ்சி எடுப்பார். அதுவும் இந்த வாரம் இடப்பக்கம், அடுத்த வாரம் வலப்பக்கம். பாதி வேலையைப் பார்த்தால் அவளுக்குக் கை பரபரக்கும். "செய்யறதைச் செய்யறீங்க, முழுசாச் செஞ்சு தொலைச்சா என்ன?" என்பாள். "முழுசாச் செஞ்சா கெட்டுடும்" என்று சொல்லிச் சிரிப்பார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று நினைத்தாள்.

அவர் விழுந்த பிறகு தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளில்லை. தீனி மட்டும் அவள் போட்டாள். கை கால் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "கண்ணைப் பாருங்கம்மா. மீன் போற பக்கம் போகுது. நான் கூப்பிட்டாத் திரும்பமாட்டேங்கிறார், நீங்க கூப்பிட்டாலும் திரும்பறதில்ல. அந்த மீனுக்குத் திரும்பறார். அதை மட்டும் விட்டுடாதீங்க. மனசு அந்த ஒரு கயித்துலதான் இந்தப் பக்கம் கட்டியிருக்கு."

அன்றிலிருந்து தொட்டியின் மேல் அவளுக்கு இருந்த பழைய வன்மம் கவலையாக மாறியது. பார்த்தால் தண்ணீர் மங்கிக் கிடந்தது. கல்லுக்குள் பழுப்பாக என்னவோ அப்பியிருந்தது. குழாயில் குமிழி சோர்ந்துபோய், தயங்கித் தயங்கி வந்தது. அவர் பார்க்கிற ஒரே பொருள் இப்படியா இருக்க வேண்டும்?

சலவைக்கூடத்தில் அவளோடு கறை மேசையில் நிற்கிறவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். நிறுத்தினால்தான் நிற்பாள்.

"அக்கா, மீனு பொறந்ததிலேர்ந்து குளிச்சுக்கிட்டேதானே இருக்கு? அதுக்கு நீ வேற எதுக்குக் குளிப்பாட்டணும்?"

"மீனை இல்லடி. கல்லை. சாக்கடை மாதிரி இருக்கு."

"அப்ப நம்ம தூளு ரெண்டு பிடி எடுத்துட்டுப் போ. ஆபரேஷன் தியேட்டர் துணியே பளிச்சுன்னு ஆவுது, கல்லு ஆவாதா?"

"அதைத்தான் நானும் நினைச்சேன்."

"மாமா கண்ணைத் தொறந்து பாத்தா, யாரு வீட்டுத் தொட்டிடா இதுன்னு மயங்கிடணும்."

விடுமுறை நாளில் வேலையை ஆரம்பித்தாள். மீன்களை வலையில் பிடித்துப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றினாள். அந்த அளவுக்கு அவளுக்குத் தெரியும். கல்லை அள்ளி அள்ளிக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். கடைசியாகப் பலகையைத் தூக்கினபோது அடியிலிருந்து கறுப்பும் பழுப்புமாகச் சேறு கலங்கி எழும்பியது. மழை பெய்து நாளான பள்ளத்தின் வாடை. "ஐயோ, இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் குடித்தனம் பண்ணினோம்!" என்று கத்தினாள். பலகையோடு குளியலறைக்குள் நுழைந்தபோது கூடத்தில் கட்டில் சட்டத்தை அவர் இடது கையால் தட்டும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிப்போய் மூத்திரச் சட்டியை வைத்தாள். இல்லை. தண்ணீர் கொடுத்தாள். வாயோரம் வழிந்தது, விழுங்கவில்லை. ஃபேனைக் கூட்டினாள். தட்டல் நிற்கவில்லை. "வரேங்க, வரேன். உங்க வேலையைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன். சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போனாள். கல்லைத் தூளில் ஊறவைத்தாள். தேய்த்தாள். வாடை போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசினாள். மொட்டை மாடியில் துணி விரித்து வெயிலில் பரப்பினாள். அது காயக் காய, பழுப்புக் கல் ஒவ்வொன்றும் உரித்த முட்டை மாதிரி வெளுத்தது. கீழே தட்டல் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் தொட்டி கண்ணைப் பறித்தது. பிடித்து வைத்து, குளோரின் வாடை போகும்வரை ஆறவிட்ட தண்ணீரையே ஊற்றியிருந்தாள். மீன்கள் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது. "பாருங்க!" என்றாள்.

அவர் சுவரிலிருந்த ஜன்னலின் கம்பியை இடது கையால் எட்டிப் பிடித்து இழுத்துப் புரண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தூக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவளே அவரை மல்லாத்தி முகத்தைத் திருப்பிவைத்தாள், கண்ணை மூடிக்கொண்டார். வாரம் முடிவதற்குள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. டெட்ராக்கள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. ஏஞ்சல் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றைக் கடித்துக் கடித்துத் தின்றன. செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. செத்ததை அவள் டம்ளரில் மொண்டு எடுத்துப் போகும்போது அவர் கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தது. பிறகு சுவருக்குத் திரும்பியது.

மீன் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் தீனிக் கரண்டியோடு நின்றிருந்தார்.

"வாங்கம்மா. மீனா, தீனியா?"

"மருந்து. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது."

"பம்பு ஓடுதா? என்ன ஃபில்டர்?"

"ஓடுது. கல்லுக்கடியில பலகை."

"அண்டர்கிராவலா! இன்னுமா வச்சிருக்கீங்க? அதெல்லாம் போன தலைமுறை. சமீபத்துல சுத்தம் பண்ணீங்களா?"

"பண்ணினேன். நல்லாவே பண்ணினேன்." எப்படி ஊறவைத்தாள், எப்படித் தேய்த்தாள், எத்தனை தண்ணீர் மாற்றினாள் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கரண்டி நின்றுபோனது.

"பிளீச்சிங் பவுடரா?"

"ஒரு பொட்டு மிச்சமிருக்காதுங்க. அலசினது நானு. அது என் தொழில்."

"மிச்சமிருந்தாத்தான் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அம்மா, அந்தப் பலகைக்கு ஃபில்டரே கல்லுதான். கல்லு மேல கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடிக்கணக்குல ஒட்டிக்கிட்டிருக்கும். மீனு கழியறதைத் தின்னுத் தீர்க்கிறது அதுதான். நீங்க பழுப்புன்னு பார்த்தீங்களே, பாதி அதோட வீடு. எல்லாத்தையும் கொன்னு, அலசி, காயவச்சுட்டீங்க. இப்ப மீனு அதோட மூத்திரத்துலயே நிக்குது."

"மறுபடி வராதா அது?"

"தானா வரும். ஆனா அது வந்து சேர்றதுக்குள்ள மீனு போய்ச் சேர்ந்துடும். வேணும்னா இந்த பாக்ஸ் ஃபில்டர் பாருங்க, புது மாடல்."

"இதுக்கு அந்தப் பூச்சி வேணாமா?"

"வேணும்."

"அப்புறம் எதுக்கு இதை என் தலையில கட்டறீங்க?"

"கேட்கமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்று சிரித்தார். பிறகு கரண்டியைத் துடைத்தபடி, "நாளாகி ஓடிக்கிட்டிருக்கிற தொட்டியிலேர்ந்து அழுக்குக் கல்லு கொஞ்சம் கிடைச்சா பிழைக்கும். நானே தந்திருப்பேன், ஆனா என் தொட்டியில கல்லே கிடையாது, வெறும் கண்ணாடி. உங்களை மாதிரி பலகை வச்சு ஓட்டறவங்க யாராவது தெரியுமா?" என்றார்.

தெரியும். ஒரே ஒருவர். ஊரில் வேறு யாராக இருந்தாலும் அவள் அன்றைக்கே போயிருப்பாள்.

கொழுந்தனார் கண்ணாடி வெட்டுகிறவர். பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் கடை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தனிக்கட்டையாக வாசம். கல்யாணம் என்று பேச்செடுத்தால், "கண்ணாடிக் கடையில குடும்பம் நடத்த முடியுமா அண்ணி, கை தவறினாப் போச்சு" என்று சொல்லியே தலை நரைத்துவிட்டவர். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஓலமிட்டு அழுதார். அவளுக்கு அப்போது அழ நேரமில்லை. ஒரு சொட்டு விட்டாலும் மொத்தமும் உடைந்துவிடும் என்கிற பயம். பல்லைக் கடித்துக்கொண்டு, "அழறதுக்குன்னா நீ இங்க வராதே தம்பி. அவர் இன்னும் போயிடலை" என்றாள். அவர் எழுந்து போனார். வரவேயில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மறுநாள் அவள் போனபோது கடையில் அவர் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நிழல் தட்டியதும் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு கணம் பளிச்சென்று என்னவோ வந்து, அணைந்தது.

"வாங்க அண்ணி. முகம் பார்க்கற கண்ணாடி வேணுமா?"

"கண்ணாடி இருக்கு. முகம் காட்டத்தான் ஆளில்லை."

"சுத்தமான வீடாச்சே உங்க வீடு. அழுமூஞ்சிப் பயல்களெல்லாம் வந்தா தரை ஈரமாயிடும்."

சொல்லிக்கட்டும் என்று நின்றாள். அவர் கோட்டின் இரண்டு பக்கமும் கை வைத்து அழுத்தினார். கண்ணாடி சுத்தமாக விண்டது.

"அண்ணன் எப்படி இருக்கான்?"

"சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருக்கார்."

"தொட்டியைக்கூடப் பார்க்கறதில்லையா?"

"இல்லை."

அவர் கையுறையைக் கழற்றினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"கல்லை வெளுத்தீங்களா!" என்றார். "அண்ணி, ஊரு துணியெல்லாம் வெளுத்தது பத்தாதுன்னு கல்லையுமா? அவன் பார்த்துக்கிட்டிருந்தானா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார்."

"ஒண்ணும் பண்ணலையா?"

"கட்டிலைத் தட்டினார். நான்..." வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது எப்படிப்பட்டது என்று அவளுக்கே முழுசாகத் தெரிந்தது. "நான் மூத்திரச் சட்டியைக் கொண்டுபோய் வச்சேன்."

தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. கடையிலிருந்த கண்ணாடிகளெல்லாம் மெல்ல அதிர்ந்தன.

"அவன் கத்தியிருக்கான் அண்ணி."

"இப்ப தெரியுது."

அவர் பின்னறைக்குப் போனார். அவளும் போனாள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கழுவாத டீ டம்ளர். இவற்றுக்கு நடுவில் இவர்கள் வீட்டுத் தொட்டியைப் போலவே ஒரு தொட்டி. இரண்டு தொட்டியையும் கொழுந்தனார்தான் கண்ணாடி வெட்டி ஒட்டினார். அதே பலகை, அதே பழுப்புக் கல். குமிழிகள் பொலபொலவென்று ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே அவருடைய கௌராமி மீன்கள் மீசையை ஆட்டிக்கொண்டு வந்து கண்ணாடியருகில் நின்றன. தோள்வரை சட்டையைச் சுருட்டிக் கையை உள்ளே விட்டார்.

"மேலாக இருக்கிறது வேணாம். பலகையை ஒட்டி அடியில கிடக்கிறதுதான் சத்து." கறுப்புச் சேறும் கல்லுமாக வாளிக்குள் விழுந்தது. பாதித் தரையைக் காலி செய்துவிட்டார்.

"போதும் தம்பி. உன் மீனுக்கு வேணாமா?"

"மிச்சத்துல சமாளிக்கும். ரெண்டு வீட்டு மீனும் அரை வயித்தோட இருக்கட்டும்." தொட்டித் தண்ணீரையே வாளியில் கல் மூழ்கும்வரை ஊற்றினார். "காயக் கூடாது. போனதும் நேரா அந்த வெள்ளைக் கல்லு மேல கொட்டுங்க. தினமும் ஒரு வாளி எடுத்துட்டு, ஆற வச்ச தண்ணி ஒரு வாளி ஊத்துங்க. தீனியைக் குறைங்க. முக்கியமா அலசாதீங்க. உங்க கையை நினைச்சாத்தான் எனக்குப் பயம். போற வழியில எங்கயாவது குழாயைப் பார்த்தா கண்ணை மூடிக்கிட்டு நடங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று முகத்துக்கே வலித்தது. அந்தத் தைரியத்தில், "நீயும் வாயேன் தம்பி" என்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவனைப் பார்த்தா எனக்கு அழுகை வந்துடும் அண்ணி. அடக்கத் தெரியாது. அப்புறம் நீங்க வேணாம்பீங்க."

'வந்து அழு' என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். நாக்கு எழும்பவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா அது?"

"அழுக்கு."

"அழுக்கா? ஊருல அழுக்குக்குப் பஞ்சமா, பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வரீங்க?"

"எங்க வீட்டுல தீர்ந்துபோச்சு."

சுற்றிலும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அலைந்த சேற்றுத் தண்ணீர் அவள் புடவை ஓரத்தில் தெறித்திருந்தது. அந்தக் கறைக்கு எது நல்லது என்று கை யோசிக்க ஆரம்பித்தது. நிறுத்தினாள்.

கல்லைக் கொட்டியதும் தொட்டி கலங்கிப் போயிற்று. "உங்க தம்பி கொடுத்தான்" என்று சுவரைப் பார்த்த முதுகிடம் சொன்னாள். "அடியிலேர்ந்து தோண்டிக் கொடுத்தான். நான் அலசலை. வேணும்னா திரும்பிப் பாருங்க, அப்படியே கறுப்பா இருக்கு." முதுகு அசையவில்லை.

ஏஞ்சல் ஒன்று மறுநாளே செத்தது. இன்னொன்று ஒரு மூலையில், குழாயோரம், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றது. தினமும் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு வாளி எடுத்து ஒரு வாளி ஊற்றினாள். டெட்ராவில் தப்பியவை மெல்லக் கீழே இறங்கின. மேலே வந்து காற்றைக் கடிப்பது குறைந்தது. பிறகு ஒரு காலையில் அந்த ஒற்றை ஏஞ்சல் மூலையை விட்டு வெளியே வந்து, தொட்டியின் குறுக்கே ஒரு நடை போய்த் திரும்பியது. அவள் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்த கையோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். "ஏங்க, வந்துடுச்சுங்க! நீங்க வளர்த்ததுதானே, ஒரு தடவை பாருங்களேன்." கெஞ்சினாள். கோபப்பட்டாள். "மீனு என்னை மன்னிச்சிடுச்சு, உங்களுக்கு என்ன?" என்று கத்திவிட்டு, அப்படிக் கத்தியதற்கு வெட்கப்பட்டுச் சமையலறையில் போய் நின்றாள். மீன் பிழைத்தது. ஆனால் எதற்காக அது பிழைக்க வேண்டியிருந்ததோ அது நடக்கவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

ஒரு நாள் மதியம் பெருங்காற்று அடித்தது. சலவைக்கூடத்தில் அதுவே தெரியவில்லை. விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது, பக்கத்து அறையில் ஜெனரேட்டர் உறுமியது, மிஷின்கள் விட்ட இடத்திலிருந்து சுற்றின. அவ்வளவுதான். ரேடியோ யாரோ ஒரு மாமியாரைப் பற்றிச் சொன்ன கதைகூட அறுபடவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தபோதுதான் அவள் பார்த்தாள்: முறிந்த கிளைகள் ரோட்டில் கிடந்தன. சிக்னல் செத்திருந்தது. கடைகளில் மெழுகுவத்தி.

"எப்ப போச்சுங்க கரண்ட்?" என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டாள்.

"அது ஆச்சு, மத்தியானமே. கம்பம் சாஞ்சு கிடக்கு, நாளைக்குத்தான் வரும்."

பம்பு நின்றிருக்கும். குமிழி நின்றால் கல்லுக்குள் தண்ணீர் இறங்காது. காற்றில்லாமல் இத்தனை நேரம். ஒட்டவைத்த உயிரெல்லாம் கல்லுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்திருக்கும். கீழ்வீட்டு டீச்சருக்குப் போன் போட்டாள். அவள் பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். இவள் வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். இடது பக்கம். இந்தப் பக்கம். தொட்டி மேசையின் விளிம்பில் தாடையை முட்டுக்கொடுத்து, தலையணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையில் குடிதண்ணீர் டம்ளர். தொட்டியில் மொண்டார். மேலே தூக்கினார். ஊற்றினார். மொண்டார். தூக்கினார். ஊற்றினார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் சளசளவென்று விழுந்து குமிழியெழுப்பியது. பாதி படுக்கையிலும் தரையிலும் போனது. விரிப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தானாக எழும்ப அவரால் ஆகாது என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். எவ்வளவு நேரமாக இப்படி என்று யாருக்குத் தெரியும். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

ஏஞ்சல் அந்தத் தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே நின்றது. உயிரோடு.

அவள் செருப்பைக் கழற்றாமலே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். விரிப்பிலிருந்து ஈரம் அவள் புடவைக்கு ஏறியது. டம்ளருக்குக் கை நீட்டினாள். பிடுங்கவில்லை. நீட்டிய கையோடு, "நான் ஊத்தட்டுமாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

அவர் பார்த்தார். அவள் முகத்தை, கையை, திரும்பவும் முகத்தை. இன்னும் ஒரு முறை மொண்டு ஊற்றினார். பிறகு டம்ளரை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மொண்டு ஊற்றினாள். அவர் கை அவள் முழங்கையின் கீழ் வந்து தொட்டு மேலே தூக்கியது. இன்னும் உயரத்திலிருந்து. உயர்த்தி ஊற்றினாள். கை விலகியது.

போன் அடித்தது. கொழுந்தனார்.

"அண்ணி, கரண்ட் போச்சா அங்க? தண்ணியை மொண்டு மேலேர்ந்து ஊத்துங்க, நிறுத்தாதீங்க, நானும் இங்க அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"ஊத்திக்கிட்டுத்தான் இருக்கோம். உன் அண்ணன் மத்தியானத்துலேர்ந்து ஊத்திக்கிட்டிருக்கார்."

"யாரு?"

"உன் அண்ணன்."

அந்தப் பக்கம் டம்ளர் ஒன்று தொட்டியின் விளிம்பில் இடித்தது. அப்புறம் அது ஆரம்பித்தது: முதலில் மூக்கை உறிஞ்சுவது, பிறகு அடக்கப் பார்த்து முடியாமல் போகிற அந்தக் கேவல். "வச்சிடறேன் அண்ணி, வச்சிடறேன்" என்றார் நடுவில்.

"வைக்காதே தம்பி" என்றாள். போனைப் புருஷன் காதில் வைத்துத் தோளால் இடுக்கிக்கொள்ளச் செய்தாள்.

ஒருவரால் அழுகையில் பேச முடியவில்லை. இன்னொருவரால் பேசவே முடியாது. அவர் கண் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, காது தம்பியிடம் இருந்தது. அவள் மொண்டு, உயரத் தூக்கி, ஊற்றினாள். அந்தப் பக்கம் கொழுந்தனாரும் ஊற்றிக்கொண்டிருந்தார்; நடுநடுவே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கை கடுத்தது. மாற்றுக் கைக்கு மாற்றிக்கொண்டாள். கரண்ட் வருகிற மாதிரித் தெரியவில்லை.